ஆலன் ஏரியில் மிதந்த மீன்வீடுகள்

1. மூடி போட்ட கை

ஏரி பராமரிப்பு வேலையில் நான் தனியாகச் செய்த முதல் ஜாப் தண்ணீரில் மிதந்தது. மூழ்க வேண்டிய சாமான் அது.

அதற்கு முன் டெக்சாஸில், ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு டெலிகாம் கம்பெனியில் பத்தொன்பது வருடம் இருந்தேன். பூமிக்குள் கேபிள் போகும் பைப் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. லே-ஆஃப் ஆனபோது வயது ஐம்பத்திரண்டு. ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, குளங்களையும் ஏரிகளையும் பராமரிக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டேன். முதலாளி டேல், டெக்சாஸ்காரர். "மீனைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். "குழம்பு வைக்கத் தெரியும்" என்றேன். "அது போதும், மீதியை மீனே சொல்லித் தரும்" என்றார். அந்தப் பேச்சுக்காகவே சேர்ந்தேன்.

மூன்று மாதம் புரொபேஷன். நிரந்தரமானால்தான் மெடிக்கல் இன்சூரன்ஸ். என் மனைவி கீதாவின் முழங்கால் ஆபரேஷன் அதற்காகத்தான் காத்திருந்தது. மூன்றாவது மாதம் டேல் சொன்னார்: "ஆலன் ஏரியை நீயே தனியாகச் செய். சரியாக வந்தால் நீ நம்ம ஆள். வராவிட்டால் கை குலுக்கிக்கொள்வோம்."

பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் ஒரு குடியிருப்புக்கு நடுவில் வெட்டிய ஏரி அது. அடிப்பக்கம் கழுவி வைத்த கிண்ணம் மாதிரி வழவழவென்று இருக்கும். ஒரு கல் இல்லை, விழுந்த மரம் இல்லை. சின்ன மீன் ஒளிய இடமில்லாமல் பெரிய மீனுக்கு இரையாகும். பிறகு பெரிய மீனுக்கும் சாப்பாடு இல்லை. அதனால் நாங்களே மறைவிடம் செய்து இறக்குவோம். பிவிசி பைப்பில் ஒரு சட்டம், அதிலிருந்து கிளை மாதிரி நீளும் பைப்புகள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகள், அடியில் கட்டிய சிமென்ட் பிளாக். பட்டையில் பாசி பிடிக்கும். பாசிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சின்ன மீன் வரும்.

டேல் வரைந்து கொடுத்த ஸ்கெட்சில் எல்லா பைப் முனையும் திறந்திருந்தது. அவசரத்தில் வரைந்தது என்று நினைத்துக்கொண்டேன். டெலிகாமில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே, திறந்த முனையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதே, தண்ணீர் புகுந்துவிடும் என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை கராஜில் உட்கார்ந்து பன்னிரண்டு சட்டத்திலும் ஒரு முனை விடாமல் எண்ட் கேப் போட்டு, பசை தடவி மூடினேன்.

"கல்யாணச் சீர் மாதிரி பாத்துப் பாத்து பண்றீங்களே" என்றாள் கீதா.

"சொட்டுத் தண்ணி உள்ள போகாது பாரு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

2. ஆமைப் பந்தல்

திங்கள் காலை. கரையில் குடியிருப்புச் சங்கத் தலைவர் சுந்தர், கையில் போனுடன். அவர் மனைவி காஞ்சனா, பிளாஸ்க்கில் காபியுடன். ஈரோட்டுக்காரர்கள்.

குறித்து வைத்த இடத்துக்குப் படகில் போய் முதல் சட்டத்தைத் தள்ளினேன். போட்ட வேகத்தில் உள்ளே போனது. அடுத்த இடத்துக்குத் திரும்புவதற்குள் பின்னால் ஏதோ கொப்பளித்தது. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து மேலே வந்து நின்றது. பிளாக் எடை போதவில்லை போலும் என்று இரண்டாவதில் இன்னொரு பிளாக் கட்டினேன். அதுவும் மேலே வந்தது. இரண்டையும் காற்று மெதுவாகக் கரைப்பக்கம் தள்ளியது. போகிற வழியிலேயே ஓர் ஆமை ஏறி உட்கார்ந்து வெயில் காய ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க மணி சார், மீனுக்கு வீடு கட்டச் சொன்னா ஆமைக்குப் பந்தல் போட்டிருக்கீங்க?" என்றார் சுந்தர்.

"பத்து நிமிஷம் குடுங்க."

"சாயங்காலம் கமிட்டி மீட்டிங் இருக்குங்க. இந்த போட்டோவ டேலுக்கு அனுப்பவா, வேண்டாமா?"

ஆமை இல்லாத சட்டத்தைக் கரைக்கு இழுத்து விரலால் தட்டினேன். காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது. அப்போதுதான் உறைத்தது. உள்ளே முழுக்கக் காற்று, ஒவ்வொரு முனையாக நானே அடைத்து வைத்த காற்று. டிரில்லை எடுத்து ஒவ்வொரு பைப்புக்கும் அடியில் ஒரு ஓட்டை போட்டேன். தண்ணீரில் தள்ளினால் குளுக் குளுக் என்று இரண்டு சத்தம், அவ்வளவுதான். சாய்ந்தபடியே மிதந்தது. சுந்தர் போனைத் தூக்கினார்.

காஞ்சனா காபியை ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஏனுங்க, எண்ணெய் டின்னுக்கு ஒரே ஓட்டையா போடுவீங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கப்பாவுக்கு எண்ணெய்க் கடைங்க. ஒரு ஓட்ட போட்டா எண்ணெய் வராது. எதிர்ப் பக்கம் இன்னொண்ணு போட்டாத்தான் காத்து உள்ள போயி எண்ணெய் வெளிய வரும். இது தெரியாம எப்படிங்க பைப் வேல பாத்தீங்க?"

"சும்மா இரு, அவரே டென்ஷன்ல இருக்காரு" என்றார் சுந்தர்.

"நீங்க போன உள்ள வைங்க மொதல்ல."

மேல் முனைகளிலும் ஓட்டை போட்டேன். இந்த முறை குமிழி நிற்கவே இல்லை. பக்கத்துச் சட்டத்தில் இருந்த ஆமை கழுத்தை நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனது. ஓட்டை போட்ட சட்டம் நேராக நிமிர்ந்தது, அப்படியே இறங்கியது. மதியத்துக்குள் பன்னிரண்டும் அடியில். சுந்தர் போட்டோவை அழித்ததை என்னிடம் காட்டினார்.

3. டேலிடம் சொன்னது

அழித்தாலும் டேலிடம் நானே சொன்னேன். ஆமையையும் காஞ்சனாவின் எண்ணெய் டின்னையும் விடவில்லை. அவர் சிரிக்கவில்லை. "மூடாதே என்று நான் எழுதவில்லை. மூடுவதற்கு ஓர் ஆள் வருவான் என்று தோன்றவில்லை" என்றார். பிறகு, "முடிவை மீன் சொல்லட்டும்" என்றார். என் புரொபேஷனை இரண்டு மாதம் நீட்டினார். கீதாவின் ஆபரேஷனும் இரண்டு மாதம் தள்ளிப்போனது.  அவள் மாடிப்படி ஏறும்போது பார்க்க முடியாமல் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து டேலும் நானும் அந்த ஏரியில் படகில் போனோம். மீன் காட்டும் கருவியின் திரையில், சட்டங்கள் இருந்த இடமெல்லாம் அரிசி சிந்திய மாதிரி புள்ளிகள். அத்தனையும் மீன். டேல் கருவியை அணைத்தார். "உன் மனைவியை டாக்டரிடம் தேதி வாங்கச் சொல்" என்றார்.

வேலை மாறி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய வேலையில் கை எதைத் தானாகச் செய்ததோ, புது வேலையில் அதை முதலில் நிறுத்திப் பாருங்கள். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது எனக்குத் தெரியாத மீன் அல்ல, நன்றாகத் தெரிந்த மூடி.

இப்போது எங்கள் ஷெட்டில் சட்டம் செய்பவர்களில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் லோடு ஏற்றும் முன் டேல் எல்லோரையும் தமிழிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எண்ணெய் டின் பண்ணியாச்சா?"