மெயின் சுவிட்ச்

நேயர் கடிதத்துக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. எதிர்வீட்டுக்காரருக்காகத் தொலைக்காட்சி நிலையத்துக்கு நான்தான் எழுதினேன். இறந்துபோன அவர் மனைவி கம்புத் தோசை சுட்டுக் காட்டிய நிகழ்ச்சி மறுபடி எப்போது வரும் என்பது கேள்வி. அந்த அம்மாள் சிரித்தபடி இருக்கும் படம் வேறு எதுவும் அவர் வீட்டில் இல்லை.

எட்டு மாதமாகியும் பதில் இல்லை. அதற்குள் அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரில் டிவி கார்டு போட்டு, தினமும் மத்தியானச் சமையல் நிகழ்ச்சியை அது தானாகப் பதிவுசெய்யும்படி ஆக்கிவிட்டார். மெலிந்த மனிதர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும்.

"அதான் தானா பதிஞ்சிருமே. வெளிய போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன்.

"மெயினை அணைக்காம எப்படிப் போக? தீப்பெட்டி ஆபீஸை முப்பது வருசம் அப்படித்தானே பூட்டுனேன்."

"மெயினை அணைச்சா கம்ப்யூட்டர் எப்படி ஓடும்?"

"அதனாலதான் இங்கனயே கெடக்கேன்."

மனைவியின் முதல் திதிக்கு மட்டும் விளாத்திகுளம் கிளம்பினார். மெயினை அணைத்து, பூட்டை இழுத்துப் பார்த்து, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார். சாவியை என்னிடம் கொடுங்கள் என்று கேட்க, இத்தனை விதி தெரிந்த எனக்குத் தோன்றவில்லை. அன்று மத்தியானம் அந்த அம்மாள் என் வீட்டு டிவியில் தோசை சுட்டுச் சிரித்தார்.

அந்த நாளையே மறு ஒளிபரப்புத் தேதியாகத் தெரிவிக்கும் பதில் வந்தது மறுநாள்.