சுவரில் தொங்கிய முகம்

ஊசி என்று அவளுக்குப் பேர் வைத்தவர் தையல்கடை முதலாளி. தொழிலைப் பார்த்து வைத்தாரா, நாக்கைப் பார்த்து வைத்தாரா என்று யாரும் கேட்டதில்லை. ரெடிமேட் பேண்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, இதுதான் அவள் வேலை. "இதுக்கு மேல பிடிச்சா மூச்சு விட முடியாது சார். தொப்பையக் குறைச்சிட்டு வாங்க, துணியக் குறைச்சுத் தர்றேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். வந்தவர்கள் முறைப்பார்கள், அடுத்த பேண்டையும் அவளிடமே கொண்டுவருவார்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் போன பிறகு தம்பியை ஆளாக்கினாள். அவன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஒரு பட்டப்பகலில் சாரம் சரிந்து, தெருவிலேயே உயிர் போனது. அதிலிருந்து அவளும் தம்பி பொண்டாட்டியும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில்.

தம்பி பொண்டாட்டிக்குக் கடைத்தெருவில் கண்ணாடி துடைக்கும் வேலை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, புதுசா திறந்திருக்காங்களே பெரிய கேமரா கடை... அதோட மாடியில உங்க போட்டோவ மாட்டியிருக்காங்க."

"என் போட்டோவா? நான் என்ன உலக அழகியா?"

"அன்னிக்கு எடுத்தது, அண்ணி."

எந்த அன்றைக்கு என்று ஊசி கேட்கவில்லை.

விடுமுறை நாளில் தனியாகப் போனாள். கீழே நகைக்கடை மாதிரி வெளிச்சம். நீள மேசைகளில் கேமராக்களை மெல்லிய கம்பியில் கட்டிப் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் லென்ஸ்கள் சின்னதும் பெரியதுமாக அடுக்கப்பட்டிருந்தன. மாடியில் கறுப்புச் சுவர், படத்துக்கு ஒரு குட்டி விளக்கு, பேச்சரவமில்லாத அமைதி. எதிர்ச் சுவர் முழுக்க அவள்தான் இருந்தாள்.

அவிழ்ந்த தலை. திறந்த வாய். தோளில் பிரிந்து தொங்கும் ரவிக்கைத் தையல். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவளின் கிழிசல் ஆளுயரத்துக்குப் பெரிதாகித் தொங்கியது. தம்பியை அள்ளியெடுக்கப் பாய்ந்தபோது யாரோ பிடித்திழுத்ததில் பிரிந்த தையல் அது. கீழே ஒரு அட்டை: 'மகனை இழந்த தாய்.'

பெறாத பிள்ளையையும் பறிகொடுக்க வைத்துவிட்டான் பாவி!

அதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மா, முகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. வெளிச்சம் படட்டும்." அவள் திரும்பினாள். யார், எதற்கு என்று தெரியாமல், யாரோ உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பினாள். அந்தத் திரும்பல்தான் சுவரில் தொங்கியது.

பக்கத்தில் ஒரு ஜோடி அந்தப் படத்துக்கு முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. தலையை வாரி முடிந்திருந்த ஊசியை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை.

கீழே வந்து, மேனேஜரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடிக்கத்தான் நினைத்தாள். மாடிப்படி ஓரத்தில் ஒரு பலகை நின்றது. படங்களை எடுத்தவரே அடுத்த வாரக் கடைசியில் வந்து பேசுகிறாராம். வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"இதுக்கு யார் வேணாலும் வரலாமா, பாப்பா?" என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டாள்.

"தாராளமா வாங்கம்மா. உங்களுக்கு போட்டோன்னா ரொம்பப் பிடிக்குமா?"

"இந்த ஒண்ணு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அந்த வாரம் தையல்கடையில் அவள் யாரையும் குத்திப் பேசவில்லை. உடம்புக்கு என்னவோ என்று முதலாளி பயந்தார். அவளோ மிஷினை மிதித்தபடியே அவனிடம் கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, நீளமானதை வெட்டி, மழுங்கியதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். எதிரியை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார்கள், நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இனித்தது.

பேச்சு நடந்த அன்று மாடி நிறைந்திருந்தது. ஊசி தம்பி பொண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். புகைப்படக்காரர் நரைத்த தாடியும் மெத்தென்ற குரலுமாக இருந்தார். குரல் அதேதான். ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் அவள் படத்தடியில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இந்தத் தாய் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. என் புள்ளைய உலகத்துக்குக் காட்டுங்க தம்பின்னு சொன்னாங்க. அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் படம்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஊசி எழுந்தாள். தம்பி பொண்டாட்டியின் கையை உதறிவிட்டு, வரிசைகளுக்கு நடுவே போய், படத்துக்குப் பக்கத்தில் நின்று கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

சுவரிலும் அவள், தரையிலும் அவள்.

"எந்தக் கையப் பிடிச்சேன் சார்? வலது கையா, இடது கையா?"

அவர் மேனேஜர் பக்கம் பார்த்தார்.

"எனக்குப் புள்ளையே கிடையாது. செத்தது என் தம்பி. அதோ உக்காந்திருக்காளே, அவ புருஷன். யாருன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. கேட்டீங்களா?"

"அம்மா, இதத் தனியா உக்காந்து பேசலாம்..." என்று மேனேஜர் ஓடிவந்தார்.

"இத்தன நாளாத் தனியாவா மாட்டி வச்சிருந்தீங்க?"

புகைப்படக்காரர் தலையைக் குனிந்து, இருட்டான மூலையை நோக்கி மெல்ல நகர்ந்தார்.

"எங்க போறீங்க? முகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. வெளிச்சம் படட்டும்."

சொன்னது எதற்கென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததனால்தானோ என்னவோ, திரும்பினார். நெற்றி வியர்வை விளக்கில் மின்னியது. படம் எடுக்கத் தெரிந்தவர்களே கூடியிருந்த இடம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கையால் முகத்தை மறைத்துக்கொள்ளும்வரை எல்லாக் கேமராவும் அவரைத் தின்றன. ஊசி நிதானமாகத் தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

மேனேஜர் அன்றே படத்தை இறக்கினார். புகைப்படக்காரரின் முகம் ஃபோன் ஃபோனாகச் சுற்றியது. அவரைக் கூப்பிட்டிருந்த இடங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. சில வாரம் கழித்து அந்த விற்பனைப் பெண் தையல்கடைக்கே தேடி வந்தாள்.

"அவரு நேர்ல வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு சொல்றாரும்மா. ராத்திரி தூக்கமே வரலையாம்."

"வர வேணாம்னு சொல்லிடு."

"மன்னிச்சிட்டீங்கன்னு சொல்லட்டுமா?"

"ஐயோ, அப்படி எதுவும் உளறி வைக்காத. தூக்கம் வந்துடப் போகுது."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தம்பி பொண்டாட்டி அடுப்பை அணைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"போதும் அண்ணி. அவரும் பட்டுட்டாரு. விட்டுடுங்க."

"உனக்குப் போதும்னா விட்டுடு. நான் வேணாங்கல" என்றாள் ஊசி, தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு. "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். குழம்ப ஊத்து."