அண்ணியின் இடது கை

சப்பாத்தி மாவில் சிறிது கிள்ளி, விரலால் நீளமாக உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய கைத்துப்பாக்கியின் வலப்பக்கத்தில் அண்ணி ஒட்டிப் பார்த்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அது. குண்டுகள் உள்ளறை இரும்பு அலமாரியில் பூட்டியிருந்தன. துப்பாக்கி காலியாக இருப்பதைத் தானும் பார்த்து, எனக்கும் காட்டிய பிறகுதான் அண்ணி அதை மேசைக்குக் கொண்டுவருவார். இடது கையால் பிடியைப் பற்றி, கட்டைவிரலை நீட்டி மாவைத் தொட்டார். எட்டவில்லை. மாவைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். மறுபடி தொட்டார். "இங்க இருந்தா எட்டும் தம்பி, பாரு" என்றார். சமையலறையிலிருந்து வந்த அம்மா மாவுக் கிண்ணத்தை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "திங்கிற மாவும்மா இது. இந்தக் கைய வெச்சிக்கினு இன்னும் இன்னாத்துக்கு அது?" அண்ணி துப்பாக்கியில் ஒட்டியிருந்த மாவை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்.

அண்ணிக்குப் பிறந்த வீடு பக்கத்துக் கூரம் கிராமம். விவசாயக் குடும்பம். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது துப்பாக்கி பழகியவர், பிறகு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையானதும் முறைப்படி லைசென்ஸ் வாங்கி, போட்டிக்கென்று சிறிய ரகப் பிஸ்டல் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் சென்னைப் பக்கத்து கிளப்புக்குப் போய்ச் சுட்டுவிட்டு வருவார். அண்ணன் கப்பல் வேலையில் இருந்ததால் வீட்டில் அம்மா, அண்ணி, நான் என்று மூன்றே பேர். மருமகள் துப்பாக்கி சுடுவதில் அந்த நாட்களில் அம்மாவுக்குப் பெருமைதான். அண்ணியின் பதக்கங்களைச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியவரே அவர்தான். காய்கறி விற்க வரும் பெண்மணிகூட அவற்றைப் பார்க்காமல் எங்கள் தெருவைக் கடந்ததில்லை.

ஒரு மழைநாளில் எல்லாம் மாறிற்று. அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்ட ஸ்கூட்டரில் அழைத்துப்போனார் அண்ணி. பேருந்து நிலையத்துக்கு அருகே சக்கரம் சறுக்கியது. விழுகிற நேரத்தில் அண்ணி வலது கையைப் பின்னால் வீசி அம்மாவைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அம்மாவின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. சாலையோரத்துக் கடையின் கண்ணாடிப் பெட்டி உடைந்து அண்ணியின் மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான்கு விரல்கள் பழையபடி வேலை செய்தன. கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்கு வந்து கைக்குப் பயிற்சி கொடுத்த பெண், இதற்குமேல் பெரிதாக மாறாது என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து அம்மா அந்தப் பதக்கங்களின் பக்கம் திரும்புவதில்லை.

இடது கையால் சுடப் பழகலாம் என்று அண்ணி முடிவெடுத்த பிறகுதான், அந்தப் பிஸ்டல் முழுக்க முழுக்க வலக்கைக்காரருக்காகச் செய்யப்பட்டது என்பதே எங்களுக்கு உறைத்தது. பாதுகாப்புப் பூட்டை விரலால் தள்ளும் சிறு நெம்பு, குண்டு அடைக்கும் மேகசினைக் கழற்றும் பொத்தான், பின்னுக்கு இழுத்த மேல்பாகமான ஸ்லைடை நிறுத்தும் கொக்கி மூன்றுமே வலது கட்டைவிரல் போய் நிற்கும் இடப்பக்கத்தில் இருந்தன. இடது கையில் பிடித்தால் கட்டைவிரலின் பக்கம் ஒன்றுமே இல்லை. இருபுறமும் இயங்கும் மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன என்று தெரிந்ததும் அண்ணியின் கைபேசி முழுவதும் அவற்றின் படங்களால் நிறைந்தது. அகலமான நெம்பு, ஒடுங்கிய நெம்பு, உயர்ந்த பொத்தான், தட்டையான பொத்தான். நான் ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். "அளவு குடுங்க அண்ணி, நானே கடைஞ்சி தரேன்" என்றேன். அண்ணி சிரித்தார். "லைசென்ஸ் இருக்குற கடையிலதான் கைய வெக்கணும் தம்பி. நீ செஞ்சன்னா நானும் நீயும் ஸ்டேஷன்ல ஒக்காந்துக்கினு இருப்போம்." எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்கு ஈடாகத்தான் மாவு ஒட்டும் வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

சென்னைக் கடையில் அண்ணி தேர்ந்தெடுத்தது அகலமான நெம்பையும், நன்றாகப் புடைத்து நிற்கும் பெரிய பொத்தானையும். மாவில் பார்த்த அளவு இதைவிடச் சிறியதாயிற்றே என்று கேட்டேன். "இந்தக் கைய நம்ப முடியலப்பா. பெருசா இருந்தா தவறாது" என்றார்.

அந்தப் பெரிய பொத்தானே அவரைக் கவிழ்த்தது. இடக்கையால் சுட்ட முதல் போட்டியில், ஒரு சுற்றின் நடுவில் உள்ளங்கையின் மேடு அதை அழுத்திவிட, மேகசின் நழுவி மேசையில் விழுந்தது. அண்ணி துப்பாக்கியைக் கீழே வைத்து, விதிப்படி கையைத் தூக்கி, நடுவர் வரும்வரை நேராக நின்றார். எஞ்சிய குண்டுகளையும் சுட்டு முடித்தார். வீடு வந்ததும் பிஸ்டலை அலமாரியில் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு இருந்தது. அதில் கெட்டியாகப் பிசைந்த ஒரு பிடி மாவு. அம்மா அருகில் நின்றிருந்தார். "அன்னிக்கி பிசைஞ்சது சப்பாத்திக்கி. தளர்ந்து போச்சி. இதுல தண்ணி கம்மி, ஒட்டுனா நிக்கும்" என்றார். அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குரலைத் தாழ்த்தினார். "என்னைப் புடிக்கப் போயிதானம்மா உனுக்கு இப்டி ஆச்சி. நீ துப்பாக்கிய எடுக்குறப்பலாம் எனுக்கு அந்த ரோடுதான் கண்ணுல தெரியுது. அதான் கத்துனேன்."

"விட்டிருந்தா நீங்க இருந்திருக்க மாட்டீங்க அத்தை" என்றார் அண்ணி. "அத நெனைச்சி நான் ஒருநாளும் வருத்தப்படல."

நான் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

இரண்டாம் முறை அண்ணி தேர்ந்தெடுத்தவை, பார்த்தால் கண்ணில்கூடப் படாதவை. துப்பாக்கியின் உடலோடு ஒட்டிய ஒடுங்கிய நெம்பு. விரல் தேடிப் போனால் மட்டும் தட்டுப்படும் தாழ்ந்த பொத்தான். கடைக்காரர் பொருத்திக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்து, "இது என் கை அளவு" என்றார். பிறகு நெடுநாள் பயிற்சி. குண்டில்லாமல், சுவரைப் பார்த்தபடி, மாலைதோறும்.

அண்ணனும் அண்ணியும் இப்போது தூத்துக்குடியில் இருக்கிறார்கள். அங்கே அண்ணி பள்ளிப் பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறார். அம்மா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் நான் தனியாக இருக்கும்போது நினைவுக்கு வருவது அண்ணி வென்ற போட்டிகள் அல்ல. அம்மா முதன்முதலாகப் பார்க்க வந்த போட்டிதான். அன்று அண்ணிக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறும் மதிப்பெண் மட்டும், மயிரிழையில் கிடைத்தது.

பார்வையாளர் வரிசையில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் தோள் குலுங்கிற்று. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. நான் அண்ணியின் இடது கையையும் இலக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். என் தோளைத் தொட்டு, அண்ணி கால்சட்டைப் பையில் நுழைத்திருந்த வலது கையைக் காட்டினார். ஒவ்வொரு முறை சுடும்போதும் பைக்குள் அந்தக் கை மெல்ல இறுகித் தளர்ந்தது. "பாருடா, அந்தக் கையும் சேந்து சுடுது" என்றார்.

திரும்பும் பேருந்தில் அண்ணிக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் அம்மா. அண்ணியின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மடங்காத கட்டைவிரலை ஒரு கையால் பிடித்து, மறுகையால் அடியிலிருந்து நீவி, மெதுவாக உள்ளே வளைத்து, சற்றே நிறுத்தி, விட்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் செய்ததும் அப்படியேதான். அவர் வந்த நாட்களில் அம்மா அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாலாஜாபாத் வருவதற்குள் அண்ணி அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அம்மா நீவுவதை நிறுத்தவில்லை.