புற்றில் பிடித்தது, பாக்கெட்டில் வந்தது

பாங்காக்கில் நான் வேலை பார்க்கும் பரோட்டாக் கடைக்கு முன்னால் தினமும் நாலு மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். நம் ஊரில் வேர்க்கடலை குவித்து வைப்பதுபோல அதில் வெட்டுக்கிளி, சில்வண்டு, மூங்கில் புழு, பட்டுப்புழு என்று தட்டுத் தட்டாகக் குவிந்திருக்கும். வண்டிக்காரி பெயர் லெக். எல்லோரும் பா லெக் என்பார்கள். பா என்றால் பெரியம்மா. ஆபீஸ் விட்டுப் போகிற பெண்கள் ஒரு பை வாங்கிக் கொறித்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒன்றுமில்லை, பசிக்குத் தின்கிறார்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள்தான் தாங்க முடியாது. ஒரு வெட்டுக்கிளியை வாயருகே பிடித்து, பத்து விதமாக முகத்தைக் கோணி, படம் எடுத்து முடித்ததும் எங்கள் கடைக் குப்பைத் தொட்டியில் துப்பிவிட்டுப் போவார்கள். தொட்டியைக் கழுவுவது நான். இப்போது நம் ஊர்ப் பையன்களும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து அதையே செய்கிறார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பா லெக் ஒரு பிடி அள்ளி நீட்டி, “கின் மை?” என்றாள். தின்பாயா என்று கேட்கிறாள். “மாய் கின்” என்றேன். தின்னமாட்டேன். அவளோ, இந்தியாக்காரன், உயிர் எதையும் தொடமாட்டான் என்று முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தினமும் கொய்யாத் துண்டு வந்தது. ஒருநாள் கடை வாசலில் உட்கார்ந்து நான் நல்லி எலும்பை உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, சக வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். கொய்யா நின்றுபோனது.

அவளிடம் நான் சொன்னது பொய். கன்னிவாடி மலையடிவாரத்தில் பிறந்தவன் ஈசல் தின்னாமல் வளர முடியாது. மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கை வைத்து, கீழே தண்ணீர்ச் சட்டியை வைத்தால் வந்து விழும். காயவைத்துச் சுளகில் புடைத்தால் இறகு பறந்துவிடும். அரிசியோடு சேர்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு என் அக்கா ஸ்டெல்லா வறுத்தால் தெருவே மணக்கும். எங்கள் வீட்டில் பல நாள் சோற்றுக்கு அதுதான் வெஞ்சனம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திண்டுக்கல் தோல் ஷாப்பில் தோல் ஊறும் தொட்டி கலக்கி, திருப்பூர், மும்பை என்று அலைந்து, இங்கே ஐந்து பேரோடு ஓர் அறையில் படுத்துக் கிடக்கிற நான், ஈசலுக்காக வெட்கப்பட்டதில்லை. அக்கா கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்த வெட்கம் வந்தது.

அவளைச் செம்பட்டியில் கொடுத்தோம். மச்சான் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடைக்காரர். அக்கா மசக்கையாக இருந்தபோது ஐப்பசி மழையில் அவர்கள் கொல்லையிலும் ஈசல் கிளம்பியது. அவளுக்கு நாக்கு ஊறியிருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன இரும்புச் சட்டியில் வறுத்தாள். மசக்கைக்காரி சாம்பலைக் கேட்டாலும் கொடுக்கிற ஊர் அது. ஆனால் அவள் மாமியார் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தார். “புத்துப்பூச்சி ஏறுன சட்டி என் அடுப்புல ஏறக்கூடாது. அதைத் தொட்ட கையும்தான்” என்றார்.

அத்தோடு அக்காவுக்கு அடுப்பு இல்லை. காய் நறுக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், சமைக்கக்கூடாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், மருமகளுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். அவள் மகளுக்கு இப்போது நாலு வயது. தாய் சமைத்த ஒரு வாய்ச் சோறு அந்தப் பிள்ளை தின்றதில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் ஆட்டுக் குடல், ரத்தப் பொரியல், மூளை எல்லாம் ஞாயிறுதோறும் உண்டு. இறாலைத் தலையோடு உறிஞ்சுவார்கள். கடல் பூச்சிக்கு மரியாதை, மண் பூச்சிக்குத் தீட்டு.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, சாக்லேட், சென்ட்டோடு அக்கா வீட்டுக்கு ஆறு பாக்கெட் வறுத்த சில்வண்டும் வாங்கிப் போனேன். பளபளக்கிற கறுப்புப் பாக்கெட், மேலே தங்க எழுத்து. அதைத் தின்றால் அவர்கள் வாய் அடைபடும், அக்காவுக்கு அடுப்பு கிடைக்கும் என்பது என் கணக்கு.

அவர்கள் தின்றார்கள். இது இன்னதென்று சொல்லித்தான் கொடுத்தேன். மச்சான் கூட்டாளிகளை மாடிக்கு அழைத்து, “புரோட்டீன்யா, ஃபாரின்ல ஜிம்முக்குப் போறவன்லாம் இதைத்தான் திங்கிறான்” என்று பிரித்துக் கொடுத்தார். காலையில் பூச்சிக்கு மருந்து விற்ற அதே கை. அக்காவின் மாமியாரான அத்தையும் இரண்டு எடுத்து மென்றுவிட்டு, இறால் மாதிரித்தான் இருக்கு, கவிச்சி இல்லை என்று பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அக்கா தண்ணீர்ச் சொம்போடு நிலைவாசலில் நின்றாள்.

இதுதான் சமயம் என்று, “அத்தை, அக்கா வறுத்தா இதைவிட நல்லா இருக்கும்” என்றேன்.

அத்தை மெல்லுவதை நிறுத்தவில்லை. “அது புத்துல பிடிச்சது தம்பி. இது ஃபேக்டரில செஞ்சதுல்ல.”

மச்சான் தலையாட்டினார். அவ்வளவுதான். அச்சடித்த காகிதத்துக்குள் வந்தால் பூச்சியும் பலகாரம். நம் கையால் பிடித்தால் அசிங்கம். இந்தப் புத்திக்கு என்ன மருந்து அடிப்பது?

நான் சத்தம் போட வாயெடுத்தபோது அக்கா கண்ணால் அடக்கினாள். கொல்லைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், “ஏலே, எனக்காக வாங்கியாந்தியா, அவுகளை மட்டந்தட்ட வாங்கியாந்தியா?” என்று கேட்டாள்.

பாங்காக்கில் கின் மை என்று கேட்டவளிடம் நான் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. அத்தை அடுப்பை மறித்தார், நான் வாயைப் பூட்டினேன். பெரிய வித்தியாசமில்லை.

குழாயடியில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த பாத்திரத்தை அப்போதுதான் கவனித்தேன். அந்த இரும்புச் சட்டி. அக்கா தண்ணீரைக் கொட்டி, துருப் போகத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, என் பையில் வைத்தாள். “கொண்டுட்டுப் போ அப்பு. அங்கயாச்சும் அடுப்புல ஏறட்டும்.”

இங்கே பாங்காக்கில் மே மாதம் முதல் மழை பெய்தது. அந்தி நேரத்தில் எங்கள் கடை டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. பா லெக் ஓடிவந்து, யாரையும் கேட்காமல், விளக்குக்கு நேர் கீழே ஒரு பேசின் தண்ணீர் வைத்தாள். கன்னிவாடியில் வைப்பது போலவேதான். முதலாளி விளக்கை அணைக்கச் சொன்னார். கை வேலையாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டேன்.

மறுநாள் வெயிலில் காயவைத்து, மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். பக்குவம் கேட்க அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அரிசி சிவக்கட்டும், அப்புறம் ஈசலைப் போடு, தீயைக் குறை, உப்பு கடைசியில் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். பின்னால் அவள் மாமியார் மிக்ஸி ஓட்டும் சத்தம் கேட்டது. பா லெக் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கட்டை விரலைக் காட்டினாள். பிறகு ஒரு பிடி எடுத்து என்னிடம் நீட்டினாள். “கின் மை?”

வாங்கித் தின்றேன்.

“வாசம் வருதா அப்பு?” என்றாள் அக்கா, செம்பட்டியில், அடுக்களைக்கு வெளியே நின்றுகொண்டு.