கார்டு என்னுடையது, கேள்வி அவரிடம்

ஒரு விளையாட்டுக் கார்டுக்காக இந்தக் குழுவில் உங்கள் எல்லோருடைய நேரத்தையும் எடுப்பதற்கு மன்னிக்கவும்.

இன்று பாட்டனி பகுதியில் உள்ள கார்டு விளையாட்டுக் கடையில் போட்டி. என் அரிய ஜப்பானியக் கார்டில் எழுதியுள்ள விதிப்படி, தோற்ற கார்டு ஒன்றைத் திரும்ப எடுக்கப் போனேன்.

எதிரே இருந்த தமிழர் தடுத்தார். "ஒரு கேமுக்கு ஒரு தடவைதான், தங்கச்சி. நீ ஏற்கெனவே எடுத்துட்ட."

"இல்லண்ணா, ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு தடவை."

"ஓ, ஜப்பானிஸ் எல்லாம் படிப்பியா?"

படிப்பேன். அந்தக் கார்டுகளுக்காகவே கற்றுக்கொண்டேன்.

நடுவர் வந்தார். கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்காமல், எதிரே இருந்தவரிடம் கேட்டார். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாதவர் சொன்னதே தீர்ப்பானது. நான் தோற்றேன்.

வீடு திரும்பும் பஸ்ஸில் போனில் விதியைத் தேடினேன். நான் சொன்னதுதான் சரி.

"நல்லா விளையாடின" என்று அவர் நீட்டிய கையை வேறு குலுக்கிவிட்டு வந்திருக்கிறேன்!

அடுத்த சனிக்கிழமை என்னோடு அந்தக் கடைக்கு யாராவது வருகிறீர்களா? எனக்காக வாதாட வேண்டாம். "அவளைக் கேளுங்கள்" என்று மட்டும் நடுவரிடம் சொல்லுங்கள்.