பிள்ளையார் பாட்டுப் பெட்டிக்குள் இங்கிலீஷ்

எந்தத் தெருவில் நின்றாலும் மலை எட்டிப் பார்க்கிற ஊரில், ஒரு கேசட்டை ஒளித்து வைக்க இடம் தேடினேன்.

எண்பதுகளின் தொடக்கம். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி. வெள்ளைக்காரர்களுக்கு அறை காட்டிப் பதில் சொல்ல ஆள் தேவை என்றார்கள். படிப்பு முடித்த கையோடு போய் நின்றேன். வீடு எங்கே என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் ஒரு வாக்கியத்தைக் கட்டி, அதைப் பிரித்து, சொல் சொல்லாக இடம் மாற்றி வைத்து வாயைத் திறப்பதற்குள் அவர் டீயைக் குடித்து முடித்திருந்தார். அப்படியும் தலை பின்னால் போய் வால் முன்னால் வந்தது. நல்ல மனிதர். ஒரு மாசம் கழித்து வா என்றார். அப்பாவும் அந்த ஒரு மாசத்தைத்தான் தந்தார். அதற்கு மேல் கீழ்பென்னாத்தூரில் சித்தப்பா நிலத்தில், பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆயப் போக வேண்டும். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனாலும் என் கால்கள் செங்கம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா வாடகைக்கு இருந்தார். அக்கா வீட்டுக்காரர் மைக் செட் கடை வைத்திருந்தார், எனக்கு மாமா. அவர் கடை டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவிடம் போனேன். அறையில் கண்ணில் பட்டதையெல்லாம் அவர் குட்டிக் குட்டி வாக்கியங்களாகச் சொன்னார். சாவி மேஜைமேல் இருக்கிறது. தண்ணீர் ஆறு மணிக்கு வரும். குரங்கு என் சோப்பை எடுத்துப் போய்விட்டது. ஒவ்வொன்றையும் அவர் சொல்ல, பின்னாலேயே நான் சொல்ல, இரண்டு குரலும் பதிந்தன.

தினமும் மாமா சாப்பிடப் போகும் நேரத்தில் கடையில் உட்கார்ந்து கேட்பேன். அந்த அம்மாவின் குரலுக்குக் காதைக் கொடுப்பேன். என் குரல் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். அவ்வளவு வெட்கம்.

மாமாவுக்கு ஒரு வழக்கம். கையில் கிடைத்த கேசட்டில் எதையாவது பதிந்துவிடுவார். அவர் கை வைக்கத் துணியாதது பிள்ளையார் பாட்டில் மட்டும்தான். அதனால் ஒரு பழைய பிள்ளையார் பாட்டுக் கேசட்டை வெளியே எடுத்துவிட்டு, அதன் பெட்டியில் என் கேசட்டைப் போட்டு வைத்தேன். எந்த விசேஷத்திலும் முதலில் ஓடுவது அந்தப் பாட்டுதான் என்பது எப்படி மறந்ததோ.

பக்கத்துத் தெருவில் காதுகுத்து, மாமாவின் மைக் செட். தாய்மாமன் மடியில் குழந்தை, கையில் ஊசியோடு ஆசாரி. மாமா கேசட்டைப் போட்டுவிட்டு, புளியமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைக்க ஏணியில் ஏறிவிட்டார். சாவி மேஜைமேல் இருக்கிறது என்று ஊர் முழுக்க இங்கிலீஷ் கேட்டது. பின்னாலேயே என் குரல்.

பந்தலில் ஒரு அத்தை, "இன்னாடி இது, பிள்ளையாரு சீமைக்குப் போய் வந்துட்டாரா?" என்றாள். சிரிப்பு அடங்கவில்லை. நான் வாழைமரத்துக்குப் பின்னால் ஒடுங்கினேன். சத்தத்தைக் குறைக்க இப்போது என் கையில் எதுவும் இல்லை. அப்போதுதான் ஆசாரி, ஊசியை இறக்காமலே யாரிடமோ கேட்டார்:

"அந்தம்மா டக்குனு சொல்லிடுது. பின்னாடி சொல்ற பொண்ணு ஏன் இவ்ளோ ரோசனை பண்ணுது? நான் இப்டி ரோசனை பண்ணா இந்தக் கொழந்த காது இன்னாத்துக்கு ஆவும்?"

முதல் தடவையாக என் குரலை நானே காது கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு பள்ளம். அதற்குள் உட்கார்ந்து தமிழைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அது மரத்தின் மேலிருந்து எல்லார் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் குழாயடியில் குடத்தை வைத்தேன். தெருப்பிள்ளைகள் கோரஸாக, "வாட்டர் கம்ஸ் அட் சிக்ஸ், அக்கா!" என்றார்கள். கேலிதான். ஆனால் எந்தப் பள்ளமும் இல்லாமல் சொன்னார்கள், பாட்டு வரியைப் போல. அழுகையாக வந்தது. பிறகு நானும் சேர்ந்து சொன்னேன். அன்றிலிருந்து அந்த அம்மாவுக்குப் பின்னால் சொல்வதை விட்டேன், கூடவே சொன்னேன். பெருக்கும்போதும், கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போதும். தெரு எனக்குப் பாடம் ஒப்பித்துக்கொண்டே இருந்தது, சம்பளமில்லாமல், ஓய்வில்லாமல்.

மாசம் முடிந்து மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று கத்திக்கொண்டு இறங்கினார். சன்னலுக்கு வெளியே, மதில்மேல், கண்ணாடியும் கையுமாக ஒரு குரங்கு. "தி மங்கி டுக் இட், சார்" என்றேன். சொன்ன பிறகுதான், யோசிக்காமல் சொன்னது எனக்கே உறைத்தது. மேனேஜர் டீயைக் கீழே வைத்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஆசாரியிடம் நன்றி சொல்லப் போனேன். அவருக்கு என்ன சொன்னோம் என்பதே ஞாபகமில்லை. மாமாவுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"வேலை கெடச்சிடுச்சி இல்ல? அந்தப் பொட்டிய குடுத்துடும்மா. நாளைக்கி ஒரு காதுகுத்து இருக்குது."

கேசட்டை எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.