விளக்கு மாட்டும் கை

அந்தப் பார்லரில் அவளை எல்லாரும் நெட்டை என்றே அழைத்தார்கள். வாடிக்கையாளர்களுள் கொஞ்சம் மரியாதை பார்ப்பவர்கள் ‘நெட்டையக்கா’ என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் பத்திரமாக இருந்தது. நெடிய உடம்பு, அதற்கேற்ற நீண்ட கைகள். டிரையரைத் தலைக்கு மேல் அவள் தூக்கிப் பிடித்தால், நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்குக் காலை வெயிலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கத்தரிக்கோல் ஓடும்போது வாயும் கூடவே ஓடும். முடி வெட்டிக்கொள்ளப் போய் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்த பெண்கள் அந்தத் தெருவில் ஏராளம்.

அப்படிப்பட்டவளின் வலக்கை பாதி வழியில் நின்றுவிட்டது. முதலில் சுளுக்கு என்றாள். பிறகு தலையணை சரியில்லை என்று தலையணையை மாற்றினாள். தோள்மூட்டு இறுகிவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது, கை தோள் மட்டம் வரைதான் வந்தது. அதற்கு மேல், ஆணி அடித்தாற்போல நின்றது.

கையைத் தூக்க முடியாதவளுக்குப் பார்லரில் என்ன வேலை? முதலாளியம்மா நல்லவர்தான். ஆனாலும் ஜன்னலோரத்து நாற்காலி காலியாகக் கிடப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? வேறொரு பார்லரில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதையும் அவர் மறைக்கவில்லை. மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார். “அதுக்கு மேல என்னால இழுத்துப் பிடிக்க முடியாதும்மா” என்று அவர் சொன்னபோது, நெட்டை தலையை மட்டும் ஆட்டினாள். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் யாரிடமும் பேசவில்லை. அது அவளுக்கு வழக்கமே இல்லை.

பிசியோதெரபிக்காரப் பெண் பயிற்சி கற்றுக்கொடுத்தாள். சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்த வேண்டும். கோலைப் பிடித்துக் கைகளை உயர்த்த வேண்டும். வலித்தது என்பதைவிட அலுப்பாக இருந்தது என்பதே சரி. வெறுஞ்சுவரோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? நெட்டை நாளுக்கொரு சாக்குச் சொன்னாள்.

அவளுடைய தம்பி மின்னணுச் சாதனக் கடையில் வேலை செய்பவன். அக்கா படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஹெட்செட் கொண்டுவந்து கொடுத்தான். தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணுக்குள் ஓர் உலகமே விரியும். கம்ப்யூட்டர் வேண்டாம், வயர் வேண்டாம், தன்னந்தனியாக இயங்கும். இந்த வகையில் விலை குறைந்தது அதுதான். இரண்டு கைகளிலும் பிடித்துக்கொள்ள இரண்டு கன்ட்ரோலர்கள். அதில் ஒரு விளையாட்டு: இருட்டான தெரு ஒன்றில், உயரத்திலுள்ள கொக்கிகளில் விளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போக வேண்டும். மாட்ட மாட்டத் தெரு வெளிச்சமாகும். கொக்கிகளும் உயர்ந்துகொண்டே போகும்.

நெட்டைக்கு அது பிடித்துப்போயிற்று. காலையில் தெரு, மாலையில் தெரு. அவளுடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர்; அவளைவிட ஒரு சாண் குட்டை. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து, பதுங்கிப் போகக் கற்றுக்கொண்டார். அப்படியும் ஒரு தடவை அவள் வீசிய கை அவர் காதில் விழுந்தது. “கை குணமாயிடுச்சுன்னு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?” என்று காதைத் தடவிக்கொண்டே சொன்னார். விளையாட்டு அவளுக்கு நாளுக்கு நாள் அதிகப் புள்ளிகள் கொடுத்தது. மூன்று தெருக்கள் வெளிச்சமாயின. பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை பிசியோதெரபிக்காரி கோணம் அளந்தபோது கை பழைய இடத்திலேயே இருந்தது. இம்மியும் ஏறவில்லை. போதாக்குறைக்கு இடுப்பு வலி வேறு புதிதாகச் சேர்ந்திருந்தது.

எப்படி விளையாடுகிறீர்கள், காட்டுங்கள் என்று அவள் கேட்க, நெட்டை பெருமையோடு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் விளக்கைத் தூக்கினாள். இடுப்பு முன்னே வந்தது. முதுகு வில்லாகப் பின்னே வளைந்தது. முகம் கூரையைப் பார்த்தது. விளக்கு கொக்கியில் அழகாக மாட்டிக்கொண்டது.

“அக்கா, உங்க தோள் சும்மா இருக்கு” என்றாள் பிசியோதெரபிக்காரி. “முதுகுதான் விளக்கு மாட்டுது.”

அவளைச் சுவரோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, முகத்தை நேராக வைத்து, மறுபடி தூக்கச் சொன்னாள். நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். கை உண்மையிலேயே சற்று ஏறியது. ஆனால் ஹெட்செட்டுக்குள் அந்தக் கை கண்ணைவிட்டு மறைந்தது. விளக்கு கீழே விழுந்து உடைந்தது. மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் உடைந்தது. தப்பாகச் செய்தபோதெல்லாம் தட்டிக்கொடுத்த விளையாட்டு, சரியாகச் செய்தபோது தலையில் குட்டியது.

தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் பொறுமையாக விளக்கினான். கன்ட்ரோலருக்குத் தனியாகக் கண் கிடையாது. ஹெட்செட்டின் முகப்பிலுள்ள கேமராக்கள்தாம் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கின்றன. கை உச்சந்தலைக்கு மேலே போனாலோ முதுகுக்குப் பின்னால் போனாலோ அவற்றுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஊகத்தில் ஓட்டிவிட்டுப் பிறகு கைவிட்டுவிடும். நெட்டை முதுகை வளைத்து முகத்தை மேலே தூக்கியதால்தான் அதற்குக் கை தெரிந்தது. விலை கூடியவற்றில் கன்ட்ரோலருக்குள்ளேயே கேமரா உண்டு. கையை எங்கே கொண்டுபோனாலும் அது தன் இடத்தைத் தானே அறிந்துகொள்ளும்.

“இந்த விலைக்கு இது போதும்க்கா. வாள் சுத்துறவன், குத்துச்சண்டை போடுறவன், எல்லாரும் கையை முன்னாடிதானே நீட்டுறாங்க” என்றான்.

“தலைக்கு மேல கை தூக்கிப் பிழைக்கிறவ கணக்குல வர மாட்டாளா?” என்று நெட்டை கேட்டாள். “காசு உள்ளவன் வாங்குறதுக்குக் கண்ணு வச்சுட்டு, இல்லாதவன் வாங்குறதைக் குருடா விட்டா எப்படிடா?”

தம்பியா செய்தான் அதை?

ஹெட்செட் பெட்டிக்குள் போயிற்று. சுவர்ப் பயிற்சியும் நின்றது. மாதக் கடைசி கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றது. நெட்டை இடக்கையால் சீப்பைப் பிடித்துப் பழகிப்பார்த்தாள்; கண்ணாடியில் தன் தலையைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள். கணவர் தேற்றப் போனால், “உங்களுக்கென்ன, வேனை ஓட்டக் கையைத் தூக்கவா வேணும்?” என்று எரிந்து விழுந்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துப் பேசுகிற வாய் இப்படிக் கசந்துபோயிற்றே என்றுதான் அவருக்கு இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம், வேன் பிள்ளைகளின் கூச்சல் இல்லாமல் பொழுது போகாத அவர், பெட்டியைத் திறந்து ஹெட்செட்டைத் தாமே மாட்டிக்கொண்டார். தம் காதை அடித்த தெரு எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. ஒரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு, இன்னொன்றைச் சோபாவிலேயே விட்டுவிட்டார். நெட்டை வந்தாள். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று முணுமுணுத்தபடி, அவருக்கு எதிரிலிருந்த அந்தக் கன்ட்ரோலரை எடுத்து அலமாரியில் வைக்கப் போனாள்.

தெருவின் நடுவே ஒரு கை தானாக மிதந்து போவதை அவர் பார்த்தார்.

“அசையாதே. அப்படியே நில்லு” என்றார்.

“என்னங்க, பல்லியா?”

“உன் கை எனக்குத் தெரியுது. இன்னும் தூக்கு. இன்னும்.”

நெட்டைக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். அவள் நெற்றியிலிருந்து பார்த்தால் தெரியாத கை, எதிரே நிற்கும் அவர் நெற்றியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. கன்ட்ரோலர் குருடாகவே இருக்கட்டும். பார்க்கிற கண்ணை இடம் மாற்றிவிட்டால் போயிற்று.

அன்று முதல் அவள் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். அவர் எதிரே, இரண்டு எட்டுத் தள்ளி, முகத்தில் ஹெட்செட்டோடு நின்று வழி சொன்னார். ஒரு சிக்கல் மட்டும் வந்தது. விளையாட்டு தொடங்கும்போது ஹெட்செட் மாட்டியவரின் உயரத்தை அளந்து, அதற்கேற்பக் கொக்கிகளை அமைத்தது. அவர் உயரத்துக்கு வந்த கொக்கிகள் நெட்டையின் மூக்கு மட்டத்தில் நின்றன. உட்கார்ந்தபடியே ஒட்டடை அடிக்கிற உயரம் என்று அவள் கேலி செய்தாள். உயரம் அளக்கும் வரை முக்காலியில் நின்றுவிட்டு அவர் இறங்கிக்கொண்டார். கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போதும் இதே கதைதான் என்று அவள் நினைவூட்ட, ஹெட்செட்டுக்குப் பின்னாலிருந்து அவரும் சிரித்தார்.

“வலப்பக்கம் கொஞ்சம். போதும், போதும். இப்ப மேல.”

“வலிக்குதுங்க.”

“தெரியுது. கை நடுங்குது. இறக்கிட்டு மறுபடி தூக்கு, அவசரமில்லை.”

நெட்டைக்குத் தெரு தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை. எதிரே நிற்கும் மனிதரின் குரல் மட்டுமே வழி. தப்பாகச் சொல்கிறார் என்று சண்டை பிடித்தாள். விளக்கைப் பாதியில் போட்டுவிட்டாள் என்று அவர் பதிலுக்குச் சண்டை பிடித்தார். சுவர் பின்னால் இருந்ததால் முதுகு வளைய வழியில்லை. தோள்தான் தூக்கியாக வேண்டும். தூக்கியது, கொஞ்சம் கொஞ்சமாக. பிசியோதெரபிக்காரி வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கோணம் அளந்துவிட்டு, இப்படியே நடக்கட்டும் என்றாள்.

மாதக் கடைசியில் நெட்டை பார்லருக்குப் போனாள். கை முழுதாக வரவில்லை. காதைத் தாண்டிச் சற்று மேலே போயிற்று, அவ்வளவே. முதலாளியம்மா ஜன்னலோரத்து நாற்காலியில் தாமே ஏறி உட்கார்ந்து, ஈரத் தலையை அவிழ்த்துவிட்டார்.

நெட்டை நாற்காலியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டாள். டிரையரைத் தூக்கினாள். உச்சிக்கு மேலே வெப்பம் பரவியது. பாதியில் தோள் சுண்டி இழுத்தது. டிரையரைச் சட்டென்று இடக்கைக்கு மாற்றி, மூச்சு வாங்கிவிட்டு, மீண்டும் வலக்கைக்குக் கொண்டுவந்தாள். கண்ணாடியில் முதலாளியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“காலையில மட்டும் வா. முழு நாள் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார் கடைசியில். நெட்டை அவருடைய முடியை இன்னொரு முறை சீவினாள்.

பிறகு முதலாளியம்மா அந்த ஹெட்செட்டைப் பற்றி விசாரித்தார். அவருடைய அக்காவுக்கும் இதே தோள்வலி. விலை குறைவு என்றால் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே என்று யோசனை. அந்த அம்மாளோடு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நெட்டை கேட்டாள். யாருமில்லை என்றார்.

“அப்ப வாங்காதீங்கம்மா. எனக்கு எதிர நிக்க ஒருத்தர் இருந்தார். தனியா இருக்கிறவங்களுக்குக் கண்ணுள்ள கன்ட்ரோலர்தான் வேணும். அது இந்த விலைக்கு இன்னும் வரலை.”

“வராட்டி?”

நெட்டை டிரையரின் வயரைச் சுற்றி வைத்தாள்.

“வர்ற வரைக்கும் சாயங்காலத்துல நான் போய் நிக்கிறேன். என்னதை எடுத்துட்டுப் போறேன். உங்கக்கா எவ்வளவு உயரம்?”